படங்குக் கயிற்றின் தடம்

கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் இடுப்பைச் சுற்றிக் கனத்த சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ கட்டிக்கொள்வார்கள். பனி இறங்கிய தேயிலைச் செடிகளுக்குள் காலையில் நுழைந்தால், அது இல்லாமல் பத்து நிமிடத்தில் புடவை தொப்பலாகிவிடும். இலங்கையிலிருந்து திரும்பி வந்த எங்கள் குடும்பத்தில் அதற்குப் படங்கு என்று பெயர். அதைக் கட்டும் கயிறு நாள் முழுவதும் இடுப்பில் இறுகிக் கிடக்கும். 2005-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், அந்தக் கயிறு கிடந்த இடத்தில், அதே அகலத்தில், அதே சாய்வில், அம்மாவின் தோலில் சிவப்பாக ஒரு கோடு எழும்பியது. அப்போது அம்மாவுக்கு வயது 43.

கயிறு அறுத்த புண் என்றுதான் நினைத்தோம். அம்மா தேங்காய் எண்ணெய் தடவினார். சில நாளில் கோடு தடித்தது. மெழுகு உருகி உறைந்தது போல மேலே வெள்ளைச் செதில் படிந்தது. பிறகு முழங்கைகள், முழங்கால்கள், காதின் பின்புறம், உச்சந்தலை என்று பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல் திண்ணையில் உட்கார்ந்து, முழங்கையில் இருந்த செதில் ஒன்றை அம்மா நகத்தால் மெதுவாகக் கிளப்பியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். செதில் நுங்குத் தோல் போல உரிந்து வந்தது. அடியில் ஈரமாய்ப் பளபளக்கும் சிவப்பு. அந்தச் சிவப்பில், யாரோ ஊசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்தது போல, நான்கைந்து இரத்தப் பொட்டுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அம்மா முந்தானையால் ஒற்றிக்கொண்டு, “வலிக்கவில்லை தம்பி, அரிப்புதான் தாங்கவில்லை” என்றார்.

இருபது ஆண்டுகளாகக் குன்னூரில் மருந்துக் கடையில் நிற்கிறேன். முதலில் வேலைக்கு, பிறகு சொந்தமாக. சொரியாசிஸ் என்ற அந்த நோய்க்காக என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் ஒரே வாக்கியத்தோடு வருகிறார்கள்: “உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதாம், அதனால் வந்ததாம். சக்தி கூட்டுவதற்கு ஏதாவது கொடுங்கள்.” அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னார்கள். சத்து மாவு, லேகியம், டானிக், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கஷாயம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். சொரியாசிஸில் எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. அது வேலை முடிந்த பிறகும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வேறுபாடு புரியாததால் அம்மா இழந்த வருடங்களை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பு அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிகச் சிறிய புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றைப் பொதுவாகச் சைட்டோகைன் என்கிறார்கள். இன்டர்லூக்கின், இன்டர்ஃபெரான், டிஎன்எஃப் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஒரு அணு எழுதும் சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குரிய ஏற்பி எந்த அணுவின் மேல் இருக்கிறதோ, அந்த அணு சீட்டைப் படித்து அதன்படி நடக்கும். வா, பெருகு, வீங்கு, கொல்லு, போதும் நிறுத்து என்று பலவகைச் சீட்டுகள். சொரியாசிஸில் “நிறுத்து” என்ற சீட்டு போதிய அளவில் போய்ச் சேருவதில்லை.

எங்கள் பக்கத்தில் இதைப் புரியவைக்க எனக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. இரவில் காட்டெருமை தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், மேல் லயத்து நாய் அதைப் பார்த்துக் குரைக்கும். கீழ் லயத்து நாய் காட்டெருமையைப் பார்த்திருக்காது. மேல் நாயின் குரலைக் கேட்டுக் குரைக்கும். அதைக் கேட்டு மேல் நாய் இன்னும் உரக்கக் குரைக்கும். காட்டெருமை சோலைக்குள் திரும்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நாய்கள் ஒன்றையொன்று கேட்டுக் குரைத்துக்கொண்டே இருக்கும், லயத்தில் யாரும் தூங்க முடியாது. அம்மாவின் இடுப்பில் காட்டெருமை என்பது அந்தக் கயிற்றின் உரசல். போன பிறகு நடந்ததெல்லாம் நாய்களின் வேலை.

இதை அணுக்களின் பெயர் சொல்லியும் சொல்லிவிடுகிறேன். தோல் உரசிக் காயப்படும்போது மேல்தோல் அணுக்கள் எல்எல்-37 என்ற சிறு புரதத்தை வெளியிடுகின்றன. கிருமிகளைக் கொல்ல வேண்டிய பொருள் அது. சிதைந்த அணுக்களிலிருந்து கசியும் நம் சொந்த டிஎன்ஏவோடு அது ஒட்டிக்கொண்டால், காவலுக்கு நிற்கும் டென்ட்ரிடிக் அணுக்களில் ஒரு வகை அதை வைரஸ் என்று தவறாக எடுத்துக்கொண்டு இன்டர்ஃபெரானைப் பொழிகிறது. 2007-இல் வெளியான கண்டுபிடிப்பு இது. முதல் குரைப்பு அங்கே. அடுத்து வேறு டென்ட்ரிடிக் அணுக்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-23 ஆகியவற்றை எழுதி அனுப்புகின்றன. 23-ஐப் படிக்கும் டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் வளர்ந்து, நிலைத்து, இன்டர்லூக்கின்-17, 22 ஆகியவற்றை வெளியிடுகின்றன. 22 மேல்தோல் அணுக்களை முற்றவிடாமல் பெருகச் சொல்கிறது. 17 அவற்றை இன்னும் பல அணுக்களைக் கூவி அழைக்கச் சொல்கிறது. அப்படி மேல்தோல் அணுக்கள் அனுப்பும் அழைப்புகளில் ஒன்றான சிசிஎல்-20, 17-ஐத் தயாரிக்கும் டி அணுக்களையே மேலும் மேலும் தோலுக்குள் இழுக்கிறது. வட்டம் மூடிவிட்டது. இனி வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை.

மேல்தோலின் அடியில் பிறக்கும் ஓர் அணு முற்றி, காய்ந்து, உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆக வேண்டும். சொரியாசிஸ் தடிப்பில் அந்தப் பயணம் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. முற்றாத அணுக்கள், உட்கருவைக்கூடக் களையாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன, அதுதான் செதில். அவ்வளவு அணுக்களுக்கும் இரத்தம் வேண்டுமே, அதனால் நுண்குழாய்கள் வீங்கி, வளைந்து, மேற்பரப்புக்குக் கிட்டத்தில் வந்து நிற்கின்றன. செதிலைக் கிளப்பினால் அவற்றின் நுனி கிழிகிறது. திண்ணையில் நான் பார்த்த பொட்டுகள் அவை.

உரசிய கோட்டிலேயே நோய் எழும்பும் விஷயத்தை ஹைன்ரிஹ் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1870-களிலேயே எழுதிவைத்திருக்கிறார். அவர் பெயரால்தான் இன்றும் அது அறியப்படுகிறது. ஆனால் நோயின் காரணம் தோல் அணுவின் வேகம் மட்டுமே என்றுதான் பல காலம் நம்பினார்கள். 1979-இல் தற்செயலாக அது மாறியது. மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்கத் தரப்படும் சைக்ளோஸ்போரின் மருந்தை மூட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் சொரியாசிஸ் இருந்தவர்களின் தோல் தெளிந்தது. அந்த மருந்து முக்கியமாக அடக்குவது டி அணுக்களை. அப்படியானால் தோலை ஓட்டுவது டி அணுக்கள்தானே? அந்தக் கேள்வியிலிருந்துதான் மேலே சொன்ன சங்கிலி, கண்ணி கண்ணியாகக் கிடைத்தது. இன்டர்லூக்கின்-23-ஐ 2000-ஆவது ஆண்டில்தான் அடையாளம் கண்டார்கள். 17-ஐ வெளியிடும் டி அணுக்கள் தனி இனம் என்று 2005-இல் தெரிந்தது. அம்மாவின் இடுப்பில் கோடு எழும்பிய அதே ஆண்டு. இந்த ஒற்றுமையில் அர்த்தம் எதுவும் இல்லை என்று தெரியும். ஆனாலும் ஆண்டைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் அங்கே ஒரு கணம் நிற்கிறது.

லயத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தண்ணீர்க் குழாயடியில் அம்மாவின் குடத்துக்குப் பக்கத்தில் குடம் வைப்பதை இரண்டு வீட்டார் நிறுத்தினார்கள். ஒரு கல்யாணத்தில் பந்தியில் அம்மாவுக்கு அடுத்த இலை காலியாகவே கிடந்தது. “பெரிய வியாதியோ” என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. தொழுநோயையும் இதையும் மருத்துவர்களே பல நூற்றாண்டுகள் குழப்பிக்கொண்டிருந்தார்கள்; 1841-இல் வியன்னாவின் தோல் மருத்துவர் ஹெப்ரா இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். சொரியாசிஸ் தொட்டால் ஒட்டாது, ஒரே சோப்பைப் போட்டாலும் ஒட்டாது, பெற்ற பிள்ளையை மடியில் வைத்துத் தூங்கவைத்தாலும் ஒட்டாது. மரபணு வழியில் ஒரு சாய்வு வரலாம், அவ்வளவுதான். அம்மா அன்றிலிருந்து எந்த வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

இதில்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலுக்குள் அமர்ந்திருக்கும் டி அணுக்களை அடக்கும். மருத்துவமனைகளில் 311 நானோமீட்டர் அலைநீளக் கதிரை விளக்கு வைத்துத் தருவது அதற்காகத்தான். உயரம் கூடக் கூட அந்தக் கதிரும் கூடும். வானம் திறந்திருக்கும் மாசி, பங்குனி நாட்களில் எங்கள் மலையில் அது இலவசமாகக் கொட்டுகிறது. நாள் முழுவதும் திறந்த சரிவில் நின்ற என் அம்மாவின் உடம்பில் அந்த வெயில் பட்டது முகத்திலும் கைவிரல்களிலும் மட்டும். இரண்டிலும் தடிப்பே இல்லை. தடிப்பு இருந்த இடங்கள் பெரும்பாலும் துணிக்கும் கம்பளிக்கும் உள்ளே இருந்தன. வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஐப்பசி முதல் மார்கழி வரை மூடுபனி கவிந்து கிடக்கும் மாதங்களில் தடிப்புகள் வெடித்து, கம்பளி நூல் அவற்றில் ஒட்டிக்கொள்ளும்.

மேட்டுப்பாளையத்தில் இருக்கும் சித்த வைத்தியர் ஒருவர் காளாஞ்சகப்படை என்று நோயின் பெயரைச் சரியாகச் சொன்னார். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்த தைலம் கொடுத்தார். ஊதா நிறத்தில் அழகாக இருந்தது. அந்தத் தைலத்தில் செதில் இளகியது, அரிப்பு குறைந்தது. அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு, ஏனென்றால் “இது போகும், வரும். வேரோடு பிடுங்குகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் அம்மா” என்று சொல்லி அனுப்பியவர் அவர்.

அதைக் கேட்டிருக்கலாம். ஒரே ஊசியில் குணமாகும் என்று கேள்விப்பட்டு அம்மா வேறு ஒருவரிடம் போனார். ஊசி போட்ட சில நாளில் தோல் பளிங்கு போல ஆனது உண்மை. லயமே வந்து பார்த்தது. அது ஸ்டீராய்டு. எல்லாச் சீட்டுகளையும் ஒரே நேரத்தில் கிழித்துப்போடும் மருந்து. அதன் வேகம் தணிந்ததும் அடக்கிவைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. மூன்றாம் வாரம் அம்மாவின் முதுகு முழுவதும் சிவந்து, உடம்பு நடுங்கி, கம்பளிக்குள்ளும் குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. தோல் அவ்வளவு பரப்பில் சிவந்தால் உடம்பின் சூடு அதன் வழியே ஓடிவிடும். சொரியாசிஸுக்கு ஸ்டீராய்டை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்து நிறுத்தும்போது இந்த ஆபத்து உண்டு என்பது நான் படித்த பாடத்திலேயே இருந்தது. படித்தவன் வீட்டிலேயே நடந்தது. தடவும் களிம்பு வேறு கதை. அளவோடு, மருத்துவர் சொன்ன நாள் வரை தடவினால் அது நல்ல மருந்து.

கோயம்புத்தூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம். மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையைத் தொடங்கினார். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். வீட்டில் அதற்கு ஞாயிறு மாத்திரை என்று பெயர் வைத்தோம். அன்று முதல் என் கடையில் யார் அதை வாங்கினாலும் கவரின் மேல் கிழமையைக் கொட்டை எழுத்தில் எழுதி, வாங்குபவரைத் திரும்பப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். சலித்துக்கொள்பவர்கள் சலித்துக்கொள்ளட்டும்.

பல ஆண்டுகள் அதில் ஓடின. பிறகு கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறத் தொடங்கின. அப்போது மருத்துவர் உயிரியல் மருந்துகளைப் பற்றிச் சொன்னார். ஓரிரு சீட்டுகளை மட்டும் வழியில் பிடித்துவிடும் எதிர்ப்பொருள்கள் அவை. முதலில் வந்தவை டிஎன்எஃப்பைப் பிடிப்பவை. அடுத்து 2009-இல், 23-ஐ இன்னொரு சீட்டோடு சேர்த்துப் பிடிக்கும் உஸ்டெகினுமாப். 17-ஐப் பிடிக்கும் செகுகினுமாப் 2015-இல். 23-ஐ மட்டும் பிடிப்பவை அதற்கும் பிறகு. டிஎன்எஃப் மருந்து விலை கொஞ்சம் குறைவு என்பதால் நான் அதையே கேட்டேன். மருத்துவர் அம்மா பக்கம் திரும்பி, “அம்மா, உங்களுக்கு எப்போதாவது டிபி வந்ததா?” என்று கேட்டார்.

“என் பையன் நடக்கப் பழகிய நேரம் வந்தது, ஐயா. மாத்திரை சாப்பிட்டேன். எத்தனை மாதம் என்று நினைவில்லை.”

எனக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு வயதுக் குழந்தையாக இருந்திருப்பேன். தள்ளி வைத்து வளர்த்திருக்கிறார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் பழைய தழும்பு தெரிந்தது. மருத்துவர் அதைக் காட்டி விளக்கியதை நான் மறக்க மாட்டேன். காசநோய்க் கிருமி பல நேரம் சாவதில்லை. எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளே பூட்டி வைக்கின்றன. அந்தச் சுவரை இடியாமல் தாங்கி நிற்கும் சீட்டு டிஎன்எஃப். அதை அடைத்தால் இடுப்பில் இருக்கும் தடிப்பு ஆறும். நுரையீரலில் சுவர் இடியலாம். இந்த மருந்துகள் வந்த சில ஆண்டுகளிலேயே அப்படிக் காசநோய் திரும்பிய நோயாளிகளைப் பார்த்துத்தான், 2001-இலிருந்து எச்சரிக்கை வந்தது. அதனால்தான் தொடங்கும் முன் எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் எடுக்கிறார்கள்.

அம்மாவை அரித்த அதே புரதம் முப்பது ஆண்டுகளாக அம்மாவைக் காத்தும் வந்திருக்கிறது. அன்றைக்குப் பிறகு “கெட்ட சைட்டோகைன்” என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை. 17-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். வாயிலும் குடலிலும் பூஞ்சை தலைதூக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். அதை அடைக்கும் மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு நாக்கில் வெண்படலம் படியும். குரோன் என்ற குடல் நோய்க்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் சிலருக்கு மோசமானது. தோலில் தொல்லை தரும் சீட்டு, குடலில் வேலி காத்துக்கொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும், லயத்துக்குப் போகக் கோத்தகிரி பஸ் ஏறினோம். அது சிம்ஸ் பூங்காவைத் தாண்டித்தான் போகும். பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் நிலையம். வெறிநாய்க் கடிக்கு மருந்து செய்ய 1907-இல் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தடுப்பூசி மூலம் மனித உடம்பைச் சரியான நேரத்தில் குரல் எழுப்பப் பழக்கிக்கொண்டிருக்கும் இடம். சிறு வயதில் நாய் கடித்தபோது அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த ஊசிக்காகத்தான். அன்று பஸ் ஜன்னல் வழியே அதைப் பார்த்தபடி, “எனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி இல்லையாமே, தம்பி” என்றார் அம்மா. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தன் உடம்பைப் பலவீனமானது என்று நினைத்து வாழ்ந்தவர்.

மருத்துவர் காசநோய்க்கான முன்தடுப்பு மாத்திரையை முதலில் கொடுத்தார். அதன் பிறகு செகுகினுமாப். முதல் ஐந்து ஊசிகள் வாரம் ஒன்று, பிறகு நான்கு வாரத்துக்கு ஒன்று. அதன் விலையைக் கேட்டு அம்மா முதலில் மறுத்தார். மூன்றாவது வாரம் உச்சந்தலைச் செதில் உதிர்ந்தது, இரண்டாவது மாதம் முழங்கைகள் மென்மையாயின. தடிப்பு இருந்த இடங்களில் பழுப்பு நிறம் மட்டும் மிஞ்சியது. விரல் மூட்டுகளில் காலையில் இருந்த இறுக்கமும் தளர்ந்தது. கொழுந்து எடுத்த கை வலி என்று நாங்கள் நினைத்தது சொரியாசிஸோடு வரும் மூட்டு அழற்சி என்று அப்போதுதான் விளங்கியது. அம்மாவின் நகங்களில் குண்டூசித் தலை அளவுக்குக் குழிகள் இருந்தன. அதுவும் ஓர் அடையாளம்தான். நான் பார்த்தும் பார்க்காமல் விட்டிருந்தேன். சொரியாசிஸ் உள்ளவர்களே, மூட்டு வலித்தால் வயது என்று விட்டுவிடாதீர்கள். தயவுசெய்து காட்டுங்கள்.

சென்ற ஆண்டு பணம் நெருக்கியபோது ஊசிக்கு இடைவெளி விட்டோம். நான்கு வாரம் ஆறானது, ஆறு பத்தானது. ஐப்பசி மழையில் ஒரு நாள் அம்மா கூப்பிட்டுக் காட்டினார். முழங்கை சுத்தமாக இருந்தது. இடுப்பில், வலது பக்கம், நான்கு விரல் நீளத்துக்குக் கோடு திரும்பியிருந்தது. 2005-இல் இருந்த அதே இடம், அதே சாய்வு. தடிப்பு ஆறினாலும் சில டி அணுக்கள் அந்தத் தோலை விட்டுப் போவதில்லை. 17-ஐ எழுதத் தெரிந்த அணுக்கள், மேல்தோலுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். நினைவு அணுக்கள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். மருந்து சீட்டைப் பிடித்ததே தவிர, எழுதுபவரை வெளியேற்றவில்லை.

எஸ்டேட்டில் ஓய்வு பெற்றுவிட்டாலும், பக்கத்தில் சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் அம்மா இன்றும் போகிறார். போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். ஊசியை மறுபடி நான்கு வாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். கயிறு மட்டும் மாறியிருக்கிறது. நைலான் கயிற்றை எடுத்துவிட்டு, பழைய பருத்திப் புடவையை நீளமாகக் கிழித்து, நான்காக மடித்து, அகலமான பட்டையாகத் தைத்துக் கொடுத்தேன். காலையில் அதைக் கட்டும்போது அம்மா வலது பக்கத்தில் இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்க்கிறார். விரல் தாராளமாகப் போனால்தான் முடிச்சுப் போடுகிறார்.